அயலார் வினாவிற் பிறக்கும் தொழில்
கொல்லிமலைக் குடியானவர்கள் கவனிக்கத்தக்க சில விஷயங்கள்

நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்தினின்று ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள மலைநாடுகளை அடையும் இப்பாதையில் இரு வகையான அயலார் நாள்தோறும் ஏறி வருகின்றனர். முதல் வகையினர் வியாபாரிகள். மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி, மரவள்ளிக் கிழங்கு முதலியவற்றை வாங்கிச் செல்லும்பொருட்டு இவர்கள் வருகின்றனர். இரண்டாம் வகையினர் யாத்திரிகரும் உல்லாசப் பிரயாணிகளுமாவர். அறப்பளீசுவரரைத் தரிசிக்கவும், ஆகாய கங்கை அருவியில் நீராடவும், ஆடி மாதத்தில் நடைபெறும் வல்வில் ஓரி விழாவைக் காணவும் இவர்கள் வருகின்றனர்.

இவ்விரு வகையினரும் மலைக்குடிகளுக்கு முன்பின் அறியாதவர். சோளக்காட்டுச் சந்தையிலும், கோயில் வாசலிலும், செம்மேட்டுப் பஸ் நிற்குமிடத்திலும் இவர்கள் பலவாறான கேள்விகளைக் கேட்கின்றனர். இஃது என்ன கிழங்கு, இதை எவ்வாறு சமைப்பது, இந்தத் தானியம் குத்திய அரிசியாகக் கிடைக்குமா, தேன் இவ்வருடத்ததா என்றெல்லாம் வினவுகின்றனர். விற்பவர் விடை கூறிப் பொருளை நிறுத்துக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டதும் காரியம் முடிந்துவிட்டதாக எண்ணப்படுகிறது. ஆனால் அந்தக் கேள்வி ஏன் எழுந்தது, அதே கேள்வியை வேறு எத்தனை பேர் கேட்கின்றனர், கேட்டவர் எதைத் தேடி ஏமாந்து திரும்பினார் என்று சற்றே ஆராய்ந்தால், அதற்குள் ஒரு தொழிலுக்கு வேண்டிய வித்து அடங்கியிருப்பதைக் காணலாம்.

இது வெறும் உபதேசமன்று. இன்று கொல்லிமலைச் சரிவுகளில் பெரும்பகுதியை மூடி நிற்கும் மரவள்ளிப் பயிரே அத்தகைய ஒரு சந்திப்பினின்று வளர்ந்த தொழிலை நம்பி நிற்பதாகும். அத்தொழில் தோன்றிய விதத்தையும், அதனால் மலைக்குடிகள் அடைந்த இலாப நஷ்டங்களையும் ஆராய்வது பயனுடையதாகும்.

சேலத்து மீன் வியாபாரி

மரவள்ளி நம் நாட்டிற்கே ஓர் அயலான். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி போர்ச்சுக்கீசியர் வாயிலாக மலையாளக் கரையை வந்தடைந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் உணவுக்குறை நீங்கும்பொருட்டு இதன் சாகுபடியைப் பெரிதும் ஆதரித்துப் பரப்பினார். அரிசி அகப்படாத காலத்தில் ஆறு மாதமோ பத்து மாதமோ நிலத்திற் கிடந்து உதவும் கிழங்கென்று அந்நாட்டார் இதனைப் போற்றினர். ஆயினும் அது வயிற்றை நிரப்பும் பண்டமாக இருந்ததேயன்றிப் பெருந்தொழிலுக்கு மூலப்பொருளாகத் தமிழ் ஜில்லாக்களில் கருதப்படவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் இந்நிலையை மாற்றிற்று. அதற்கு முன்னர் ஜவ்வரிசியானது மலேயா, ஜாவா முதலிய கீழ்த்திசை நாடுகளிலிருந்து கப்பலேறி வந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாகவே அவ்வரவு நின்றது. மேனாடுகளிலிருந்து வந்த மாவு வகைகளுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. பாயசத்திற்கு ஜவ்வரிசியும், துணிகளுக்குக் கஞ்சி போட மாவும் அகப்படாமல் ஜனங்கள் திண்டாடினர்.

அச்சமயம் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற மீன் வியாபாரி ஒருவர் இருந்தார். தம் வியாபாரத்தின் நிமித்தம் அவர் அடிக்கடி கேரளப் பக்கம் போய் வருவது வழக்கம். மீன் வாங்கச் சென்ற இடத்தில் மரவள்ளி மாவை அவர் கண்டார். அது மைதாவுக்குப் பதிலாக உபயோகப்படும் என்பதை அங்குள்ளோரிடம் பழகி அறிந்து, அதனைச் சேலத்திற்குத் தருவித்து விற்கலானார். இதன் பின்னர் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஜி. ஷா என்பவரின் பழக்கம் அவருக்குக் கிடைத்தது. மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முறையை ஷா மலேயா நாட்டிற் கண்டு அறிந்திருந்தார். ஒருவரிடம் மாவும் விற்பனைப் பழக்கமும் இருந்தன. மற்றவரிடம் செய்முறை இருந்தது. இருவரும் கூடி 1943-ம் வருஷத்தில் சேலத்தில் கைம்முறையாக மாவும் ஜவ்வரிசியும் தயாரிக்கத் தொடங்கினர் என்பது அத்தொழிலினர் கூறும் வரலாறு.

இவ்வரலாற்றில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. செட்டியார் தேடிச் சென்றது மீன், கண்டது மாவு. தம் தொழிலுக்குச் சம்பந்தமற்றதென்று அவர் அதனை ஒதுக்கியிருப்பாரானால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தம் ஊரில் இல்லாத பொருள் எது, அயலூரில் மலிந்து கிடப்பது எது என்று இரண்டையும் ஒரே சமயத்தில் மனத்தில் வைத்திருந்தமையே அவரது மூலதனமாக அமைந்தது.

யந்திரமும் சங்கமும்

தொடக்கத்தில் வேலை மிகக் கடினமாயிருந்தது. கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைத்துப் பாலெடுத்து வடிகட்டி, அப்பாலைத் தொட்டியிலே தெளியவைத்து, அடியிற் படியும் ஈரமாவைத் துணியிலிட்டுக் குலுக்கி உருண்டைகளாகத் திரட்டி, வாணலியில் வறுத்து வெயிலில் உலர்த்தவேண்டும். சேலத்திலிருந்த யந்திரத் தொழிலாளியான வெங்கடாசலக் கவுண்டர் இவ்வேலைகளுக்கேற்ற யந்திரங்களைத் தம் யுக்தியினால் அமைத்துக் கொடுத்தார். அதன் பயனாக, நாளொன்றுக்கு 2 மூட்டை என்றிருந்த உற்பத்தி 25 மூட்டை வரை உயர்ந்ததென்பர். ஆகவே வியாபாரி ஒருவர், செய்முறை அறிந்தவர் ஒருவர், யந்திரம் அறிந்தவர் ஒருவர் என மூவர் கூடிய பின்னரே தொழில் காலூன்றியது.

1944-ல் உணவுப் பஞ்சம் கடுமையாயிருந்த வேளையில், ஏழைகளுக்கு உணவாகும் கிழங்கை ஜவ்வரிசியாக மாற்றுவதுபற்றி ஜில்லா அதிகாரிகள் கவலைகொண்டு தடை விதிக்க நேர்ந்தது. உற்பத்தியாளர்கள் தனித்தனியே புலம்பாமல் சங்கமாகக் கூடி மேலதிகாரிகளிடம் முறையிட்டு அத்தடையை நீக்கிக்கொண்டனர். இந்தக் கூட்டுறவுப் பழக்கம் பின்னரும் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1981-ல் சேகோசர்வ் என்று வழங்கும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் அமைக்கப்பட்டது. அங்கத்தினர் தத்தம் ஆலைச் சரக்கைச் சங்கத்தின் பண்டசாலையிற் சேர்ப்பர். அதன்பேரில் முன்பணம் பெறுவர். சரக்கு டெண்டர் மூலம் வடநாட்டு வியாபாரிகளுக்கு விற்கப்படும். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரம் முதலிய இராஜ்யங்களில் விரத நாட்களில் அரிசி உணவை விலக்கி ஜவ்வரிசிக் கிச்சடி உண்பது வழக்கமாதலின் அங்கே இச்சரக்கு ஏராளமாகச் செலவாகின்றது.

கிழங்கு மலையேறிய விதம்

ஆலைகள் பெருகவே கிழங்குக்குத் தேவையும் பெருகிற்று. சேலம், இராசிபுரம், ஆத்தூர், சேந்தமங்கலம் பக்கத்துச் சமவெளிப் புலங்கள் போதாமற் போயின. லாரி ஏறும் பாதை அமைந்ததும் வியாபாரிகளின் பார்வை கொல்லிமலைமேல் விழுந்தது.

அதுகாறும் மலைக்குடிகள் சரிவுநிலங்களிற் பெரும்பாலும் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்களையும், பள்ளநிலங்களில் நெல்லையும் பயிரிட்டுத் தம் உணவைத் தாமே தேடிக்கொண்டனர். சாமையிலே மட்டும் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாச்சாமை, பெருஞ்சாமை எனப் பல ரகங்களை மண்ணுக்கும் மழைக்கும் ஏற்றவாறு தேர்ந்து வைத்திருந்தனர். குறைந்த நாளில் விளைவதும், உரமற்ற மண்ணிலும் காய்ப்பதும், வைக்கோல் தருவதுமாக ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணமுடையது.

மரவள்ளிக் கரணையோடும் ரொக்கப் பணத்தோடும் வந்த அயலாரின் வார்த்தை குடியானவனுக்கு இனிதாயிருந்ததில் வியப்பில்லை. மரவள்ளிக்கு உழவு வேலை குறைவு, வறட்சியைத் தாங்கும், குருவிக் காவல் வேண்டுவதில்லை, அறுத்துக் குத்திப் புடைக்கும் தொல்லையும் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, மொத்தமாக ஒரே சமயத்தில் கையிற் பணம் கிடைத்தது. பிள்ளைகளின் படிப்புக்கும், வைத்தியத்திற்கும், வீடு கட்டுவதற்கும் அப்பணம் உதவிற்று. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கலானதும் சாமைச் சோற்றின் அவசியமும் குறைந்தது. 1970-களுக்குப் பின் சிறுதானியப் பரப்பு ஆண்டுதோறும் சுருங்க, மரவள்ளிப் பரப்பு விரிந்தது. மரவள்ளியை வெறுத்துப் பேசுவோர் இந்த நன்மைகளை மறத்தலாகாது.

பாயிண்டுக் கணக்கு

ஆயினும், சேலத்து முன்னோடிகள் அயலாரிடமிருந்து பெற்றதற்கும், மலைக்குடிகள் பெற்றதற்கும் பெரும் வேற்றுமையுண்டு. முன்னவர் பெற்றது தொழில் யோசனை. பின்னவர் பெற்றது கிழங்கு வேண்டுமென்ற ஆர்டர் மாத்திரமே. யோசனை பெற்றவன் தன் இஷ்டப்படி அதனை வளர்க்கலாம். ஆர்டர் பெற்றவன் கேட்பவனுடைய இஷ்டப்படி நடக்கவேண்டும். இவ்வேற்றுமையின் பலனை ஆலை வாசலிலே காணலாம்.

ஆலைகளிற் கிழங்கின் விலை அதிலடங்கிய மாவுச்சத்தின் அளவைப் பொறுத்தது. இதனைப் பாயிண்டு என்பர். ஒரு குறிப்பிட்ட எடைக் கிழங்கை நீரில் ஆழ்த்தி மறுபடி நிறுத்தால், மாவு மிகுந்த கிழங்கு நீருக்குள்ளும் மிகுந்த எடை காட்டும். மாவு குறைந்தது குறைந்த எடை காட்டும். இவ்வெடையைக்கொண்டு பாயிண்டு கணக்கிடப்படுகிறது. முறை நியாயமானதே. ஆனால் பறித்த மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் கெடத் தொடங்கும் இயல்புடையது. மழையினாலோ, ஆள் கிடைக்காமையாலோ, லாரி பிந்தியதாலோ தாமதம் நேர்ந்தால் தரம் இறங்கும். 28 பாயிண்டு காட்டவேண்டிய கிழங்கு 25 காட்டினால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். லாரி வாடகையும் பறிகூலியும் அப்போதும் குறைவதில்லை.

சமவெளியிலுள்ளவன் ஓர் ஆலையில் விலை படியாவிட்டால் மற்றோர் ஆலைக்கு வண்டியைத் திருப்பலாம். 70 வளைவுகள் இறங்கி வந்த கிழங்கை எவரும் திருப்பி ஏற்றிச் செல்லமாட்டார். ஆகையால் சொன்ன விலைக்கு விற்பதைத் தவிர மலைக்குடியானவனுக்கு வேறு வழி பெரும்பாலும் இராது. தரகரிடம் முன்பணம் வாங்கியிருந்தாலோ விலை பேசும் உரிமையும் அடகுபோனதாகும். ஆலையாளர் தம் சரக்கைச் சேமித்துவைத்து விற்கப் பண்டசாலை தேடிக்கொண்டனர். சேமிக்கவியலாத பச்சைக் கிழங்கைச் சுமந்து நிற்பவன் குடியானவன்.

நிலத்திற்கு நேரும் நஷ்டமும் உண்டு. ஏறக்குறைய பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் மரவள்ளி, முதற் சில மாதங்களில் மண்ணை மூடுவதில்லை. பறிக்கும்போதும் மண் கிளறப்படுகிறது. சரிவு நிலத்தில் வரப்பும் தடுப்புமின்றித் தொடர்ந்து இதனையே நட்டால் மேல்மண் மழைநீரோடு ஓடைகளிற் போய்ச் சேரும்.

ஒரே பயிரை நம்புவதன் அபாயத்தை அழையாமல் வந்த மற்றோர் அயலானும் உணர்த்திற்று. தென்னமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதன்முதற் காணப்பட்டுப் பின் சேலம், நாமக்கல் பகுதிகளுக்கும் பரவிச் செடிகளின் நுனிகளைக் குருடாக்கிற்று. இதே பூச்சி ஆப்பிரிக்காவில் முன்னர்ப் பெருஞ்சேதம் விளைத்தபோது, பராகுவே நாட்டிற் கண்டெடுக்கப்பட்ட அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியைக்கொண்டு அடக்கப்பட்டது. அக்குளவியை 2021-ல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆப்பிரிக்காவிலிருந்து தருவித்துப் பெருக்கி, 2022 மார்ச்சு மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விடுத்தனர். அயலான் கொணர்ந்த தீமைக்கு அயலானே மருந்தான இச்சம்பவம் நினைவிற் கொள்ளத்தக்கது. மருந்தடித்து இக்குளவிகளைக் கொல்லாதிருப்பதும் குடியானவரின் கடமையாகும்.

சாமை அரிசி கேட்டவர்கள்

மலைக்குடிகள் கைவிட்டுவந்த சாமையையும் தினையையும் பட்டணத்தார் தேடத் தொடங்கியது இக்காலத்து விநோதங்களுள் ஒன்று. நீரிழிவும் உடற்பருமனும் பெருகிய நகரங்களில் அரிசிக்கு மாற்றாகச் சிறுதானியம் உண்ணும் வழக்கம் பரவிற்று. 2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதும் இவ்விருப்பத்தை வளர்த்தது. கோயிலுக்கு வந்த யாத்திரிகர் குடிசை வாசலில் உலரும் தானியத்தைக் கண்டு, குத்திய அரிசி கிடைக்குமாவென வினவுவதும், இல்லையென்ற விடைபெற்றுத் திரும்புவதும் நிகழ்ந்து வந்தன.

இல்லையென்ற விடைக்குக் காரணம் தானியமின்மையன்று; குத்துவதிலுள்ள சிரமமே. சாமையின் உமி வழுவழுப்பாகவும் இறுக்கமாகவும் அரிசியைப் பற்றியிருக்கும். உரலிலிட்டு உலக்கையாற் பலமுறை குத்திப் புடைத்தாலன்றி அது நீங்காது. வயல் வேலையும் வீட்டு வேலையும் முடித்த பெண்கள் ஒரு வேளைச் சோற்றுக்காகக் குத்துவதே பெருஞ்சுமையாயிருக்க, விற்பனைக்குக் குத்துவதெங்ஙனம்? சாமை குறைந்ததற்கு மரவள்ளி மட்டுமன்றி இந்த உலக்கையும் ஒரு காரணமாகும்.

1988-ல் சென்னையில் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்து வந்துள்ளது. அந்நிலையத்தார் குடியானவரோடு கலந்து பழகி இவ்விடையூற்றை அறிந்தனர். நல்ல விதை, வரிசை நடவு, கிராம விதைவங்கி ஆகியவற்றோடு, சிறுதானியம் உமி நீக்கும் சிறு யந்திரங்களையும் மாவரைக்கும் யந்திரங்களையும் சுயஉதவிக் குழுக்கள் நடத்துமாறு ஏற்பாடாயிற்று. உலக்கையின் சுமை நீங்கியதும் சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகுச் சத்துமாவு முதலியவற்றைப் பொட்டலமிட்டு விற்பது சாத்தியமாயிற்று. குடியானவர்களின் குழுக்கள் ஒன்றுகூடிக் கொல்லிமலை வேளாண் பல்லுயிர்ப் பாதுகாவலர் கூட்டமைப்பு என்ற பெயரில் ஓர் அமைப்பையும் ஏற்படுத்திக்கொண்டன.

இத்தொழில் மரவள்ளியைப்போல் மலை முழுவதையும் மூடிவிடவில்லை. வருமானமும் மரவள்ளிக்கு நிகராக எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆனால் இதில் விலை கூறுபவர் மலைக்குடிகள். சரக்கு இரண்டு நாளிற் கெடுவதன்று. இன்று விற்காத சாமையை அடுத்த மாதம் விற்கலாம். அப்போதும் விற்காவிடில் தாமே உண்ணலாம். பேரம் பேசும் வலிமைக்கு இதைவிடச் சிறந்த துணை வேறில்லை.

பாறையிற் படரும் கிழங்கு

அயலார் வினாவை அளவின்றிப் பின்பற்றினால் நேரும் கேட்டிற்கும் கொல்லிமலையிலேயே உதாரணம் உண்டு. மரங்களின்மேலும் பாறைகளின்மேலும் பற்றிப் படரும் ஒருவகைப் பெரணியின் தண்டே முடவாட்டுக்கால் கிழங்கு எனப்படுவது. ஆட்டுக்காலைப்போல் ரோமம் போர்த்த தோற்றமுடையது. இதனைச் சீவிக் கொதிக்கவைத்து மிளகும் சீரகமும் சேர்த்துச் சூப்பாக விற்பது சுற்றுலாப் பிரயாணிகளின் வரவால் வளர்ந்த சிறு வியாபாரமாகும். குளிரில் நடந்து வந்தவர் ஒரு கோப்பை பருகி, இஃது என்னவென்று கேட்டு, வீட்டிற்கும் வாங்கிச் செல்கின்றனர். முதலீடு ஓர் அடுப்பும் ஒரு பாத்திரமும் மட்டுமே. பெண்கள் பலருக்கு இது கைச்செலவுக்கு உதவுகின்றது.

ஆனால் இப்பெரணி பெரும்பாலும் காட்டினின்றே பெயர்த்தெடுக்கப்படுகிறது; மெதுவாக வளரும் இயல்பினது. கேட்பவர் பெருகப் பெருக, பாறைகள் வெறுமையாகும். விதைக்காமல் அறுப்பது தொழிலாகாது; முதலைத் தின்பதேயாகும். தண்டின் ஒரு பகுதியை விட்டுவைத்து எடுப்பதும், தோட்டத்து மரங்களிலும் கற்குவியல்களிலும் இதனைப் பற்றவைத்து வளர்க்க முயல்வதும் அவசியம். மேலும், மூட்டுவலியை அடியோடு தீர்க்குமென்பதுபோன்ற விளம்பரங்களைச் செய்யாது, சுவையான உணவென்று சொல்லி விற்பதே நேர்மையும் நெடுநாளைய இலாபமுமாகும்.

செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றிலிருந்து குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கைக்கொள்ளத்தக்க சில முறைகள் பின்வருமாறு.

1. கேள்விகளைக் குறித்துவைத்தல். சந்தையிலும் கோயிற் கடைகளிலும் விற்பவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தம்மிடம் இல்லாத எப்பொருளை எத்தனை பேர் கேட்டனர் என்று குறித்து வரலாம். ஒருவர் கேட்டது தற்செயல். ஒரு பருவத்தில் ஐம்பது பேர் கேட்டது தொழில்.

2. வாங்குபவரைத் திரும்பக் கேட்டல். வாங்குபவர் அப்பொருளை எங்கே, என்ன விலைக்கு, எதற்காக உபயோகிக்கிறார் என மரியாதையுடன் வினவுக. தன் கிழங்கு எவ்வாறு ஜவ்வரிசியாகி எந்நாட்டில் யார் உணவாகிறதென்று அறியாதவன் அதன் மதிப்பையும் அறியான்.

3. சிறிதாகத் தொடங்குதல். புதிய யோசனைக்காக நிலம் முழுவதையும் மாற்றலாகாது. ஒரு மூலையிற் பயிரிட்டும், பத்துக் கிலோ தயாரித்தும் பார்த்து, ஒரு வருஷ அனுபவத்திற்குப் பின் விரிவாக்குக. சாப்பாட்டுக்கான தானியத்திற்கும் விதைக்கும் உரிய நிலத்தை எக்காரணத்தாலும் விடலாகாது.

4. கெடாத சரக்காக மாற்றுதல். மரவள்ளியை முழுவதும் பச்சையாக இறக்காமல், வெயில் மிகுந்த மாதங்களில் ஒரு பகுதியைத் தோலுரித்துச் சீவி உலர்த்திச் சில்லுகளாக்கினால் சேமிக்கவும் விலை பேசவும் இயலும். பலாச்சுளையும் வாழையும் அவ்வாறே. அன்னாசி மலிந்து விலை வீழும் வாரங்களில் சாறு, பாகு முதலியவற்றைத் தயாரிக்கலாம். உணவுப் பண்டம் விற்கும் குழுக்கள் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள மறத்தலாகாது.

5. கூடி இறக்குதல். அண்டை நிலத்தார் ஐந்தாறு பேர் பறிக்கும் நாளை முன்னரே பேசிவைத்து ஒரே லாரியில் ஏற்றி, ஆலையில் பாயிண்டு பார்க்கும்போது தம்முள் ஒருவரை உடனிருக்கச் செய்தால் தாமதமும் ஐயமும் குறையும். முன்பணத்தைத் தரகரிடமன்றிக் கூட்டுறவுக் கடன் சங்கத்திற் பெறுதல் நலம்.

6. மண்ணைக் காத்தல். சரிவுக்குக் குறுக்கே பாத்தியமைத்தும், வரப்புகளிற் புல் நட்டும், மரவள்ளியின் இளம்பருவத்தில் இடையே பயறு வகைகளை விதைத்தும், ஓராண்டு விட்டு ஓராண்டு சாமை, கேழ்வரகு மாற்றிப் பயிரிட்டும் வருக. கரணைகளைத் தேமல் நோயில்லாத செடிகளினின்றே எடுக்கவேண்டும்.

7. விதை கேட்பவரிடம் விழிப்பாயிருத்தல். நாட்டு ரகங்களின் பெருமையறிந்து விதை கேட்டு வருவோரும் உளர். கொடுப்பது பழைய மரபே. ஆயினும் யாருக்கு எந்த ரகம் கொடுக்கப்பட்டதென்று விதைவங்கியிற் பதிந்துவைக்கவேண்டும். 2001-ம் வருஷத்திய பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி குடியானவர் காத்துவரும் ரகங்களை அவர்கள் பெயராலேயே பதிவு செய்யலாகும். இதற்கான மனுக்களை எழுத ஊராட்சித் தலைவரும் வேளாண்மை அலுவலரும் உதவவேண்டும்.

8. கிராம அதிகாரிகளின் கடமை. பட்டா, அடங்கல், சாதிச் சான்று முதலியவை தாமதமின்றிக் கிடைத்தாலன்றிக் கடனும் உதவியும் கிடையா. கிராம நிர்வாக அலுவலர் இதிற் காட்டும் சுறுசுறுப்பே பல தொழில்களின் முதல் மூலதனமாகும். காட்டுப் பொருள் சேகரிக்கும் உரிமையை 2006-ம் வருஷத்திய வன உரிமைச் சட்டம் அளிப்பதோடு காட்டைக் காக்கும் பொறுப்பையும் கிராமசபைக்குத் தந்திருக்கிறது. முடவாட்டுக்கால், தேன், நெல்லி முதலியவற்றை எவ்வளவு எடுப்பது, எப்போது விடுவது என்று கிராமசபை கூடித் தீர்மானிக்கலாம். விழாக் காலங்களில் அந்தந்த நாட்டுக் குழுக்களுக்குக் கோயிலருகே கடையிட இடம் ஒதுக்கித் தருவதும் பெரிய உதவியாகும்.

முடிவாகக் கூறத்தக்கது

மலைநாடுகளில் வந்தவருக்கு நீரும் உணவும் அளித்து உபசரித்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வழக்கம் நீடிக்கவேண்டும். அதனுடன், வந்தவர் சொல்லிலிருந்து கற்றுக்கொள்ளும் வழக்கமும் சேரவேண்டும். மீன் வாங்கப் போனவர் கண்டெடுத்த தொழில், மூன்று தலைமுறையாகச் சேலம், நாமக்கல் பிரதேசங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றது. அதே தொழிலுக்குக் கிழங்கு மட்டும் அளித்து வந்தவர்களோ இன்னமும் லாரியின் வரவையும் பாயிண்டின் ஏற்றத்தாழ்வையும் எதிர்நோக்கி நிற்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரம், கேட்டதைக் கொடுத்தலுக்கும் கேட்டதன் காரணத்தை அறிதலுக்கும் இடையிலுள்ள தூரமேயாகும்.

அடுத்த ஆடிப் பெருக்கிற்கும் ஆயிரக்கணக்கானோர் மலையேறி வருவர். அவர்களிடம் விற்பதற்குச் சரக்குச் சேர்த்து வைப்பதோடு, அவர்கள் கேட்பதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் எடுத்துவைத்துக்கொள்ளும் குடியானவன், மறு ஆடிக்குள் தன் நிலத்தின் ஒரு மூலையிலேனும் புதிய வருமானத்தைக் காண்பான் என்பதில் ஐயமில்லை.